கிரெடிட் கார்டு லிமிட்டைத் தாண்டினால் விழும் கட்டணம்: எங்கிருந்து வருகிறது, எப்படித் தவிர்ப்பது

கிரெடிட் கார்டு பில்லில் 'ஓவர்லிமிட்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே ஜி.எஸ்.டி. என்று இன்னொரு வரி. இரண்டையும் கூட்டினால் அறுநூறு, எழுநூறு ரூபாய் வரும். பலர் அதைப் பார்க்காமலே மொத்தத் தொகையைக் கட்டிவிடுகிறார்கள். பார்ப்பவர்களும் "லிமிட்டைத் தாண்டியது நாம்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. கார்டு வைத்திருப்பவரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அவருடைய கடன் வரம்பு எந்த நேரத்திலும் மீறப்படக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் உள்ள விதி. அது 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே கட்டணத்தைக் கண்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நான் ஒப்புதல் கொடுத்தேனா, எப்போது, எந்த வழியில்?

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைப் பின்னால் பார்ப்போம். அதற்கு முன், லிமிட் எப்படித் தாண்டுகிறது என்பது புரிய வேண்டும். பெரும்பாலும் அது ஆடம்பரச் செலவால் தாண்டுவதில்லை, கணக்குப் புரியாததால் தாண்டுகிறது.

கட்டணம் எவ்வளவு

வங்கிக்கு வங்கி மாறும். பரவலாகக் காணப்படும் முறை இது: தாண்டிய தொகையில் 2.5 சதவீதம், அல்லது குறைந்தபட்சம் 500 முதல் 600 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உங்கள் கார்டுக்கான சரியான எண், கார்டோடு வந்த 'மிக முக்கியமான நிபந்தனைகள்' என்ற ஆவணத்தில் இருக்கும். வங்கிக்காரர்கள் அதை எம்.ஐ.டி.சி. என்பார்கள். வங்கியின் இணையதளத்திலும் கிடைக்கும். கட்டணத்தை மாற்றுவதென்றால் குறைந்தது ஒரு மாதம் முன்பே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் பழைய ஆவணத்தை நம்பாமல், இப்போது இருப்பதை எடுத்துப் பாருங்கள்.

சதவீதத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. குறைந்தபட்சத் தொகை 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதவீதம் 550 ரூபாயை எட்ட வேண்டுமென்றால், நீங்கள் 22,000 ரூபாய் தாண்டியிருக்க வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு தாண்டினாலும் ஒரே கட்டணம்தான். நூறு ரூபாய் தாண்டினாலும் 550, இருபதாயிரம் தாண்டினாலும் 550. ஜி.எஸ்.டி. 99 ரூபாயும் சேர்ந்தால் 649. இந்தக் கட்டணத்தில் அடிபடுவது பெரிய தொகையைத் தாண்டியவர்கள் அல்ல, முந்நூறு ஐந்நூறு என்று இழையளவு தாண்டியவர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "நான் மாதாமாதம் முழு பில்லையும் கட்டுகிறேன், எனக்கு எதற்குக் கட்டணம்?" என்று கேட்பவர்கள் நிறைய. முழு பில்லையும் கட்டினால் வட்டி வராது, தாமதக் கட்டணமும் வராது. ஓவர்லிமிட் கட்டணம் இவற்றோடு சேராது. நீங்கள் எப்போது பணம் கட்டினீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை. ஒரு கட்டத்தில் உங்கள் நிலுவை வரம்புக்கு மேலே போனதா என்பதைத்தான் பார்க்கிறது.

முழுத் தொகையும் கட்ட முடியாத மாதத்தில் சிக்கல் கூடும். பல வங்கிகள் அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, அதாவது மினிமம் டியூவைக் கணக்கிடும்போது, லிமிட்டைத் தாண்டிய தொகையை முழுதாக அதில் சேர்த்துவிடும். வழக்கமாக மூவாயிரம் ரூபாய் மினிமம் டியூ வருபவருக்கு, எட்டாயிரம் தாண்டியிருந்தால் அந்த மாதம் பதினோராயிரத்துக்கு மேல் கேட்கும். பழக்கத்தில் மூவாயிரம் மட்டும் கட்டினால் அதற்குத் தாமதக் கட்டணமும் விழும்.

லிமிட் எங்கே போகிறது

பில் போட்டதும் லிமிட் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பில் தேதியில் எதுவும் புதுப்பிக்கப்படுவதில்லை. நீங்கள் கட்டிய பணம் கார்டு கணக்கில் வரவான பிறகுதான், அந்த அளவுக்கு லிமிட் திரும்பும்.

ஒரு உதாரணம். லிமிட் 50,000 ரூபாய். பில் தேதி 5, கெடு 25. இந்த மாத பில் 31,000. கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று கட்டாமல் வைத்திருக்கிறீர்கள். 12ஆம் தேதி பள்ளிக் கட்டணம் 16,000 ரூபாயைக் கார்டில் கட்டுகிறீர்கள். இப்போது நிலுவை 47,000. 18ஆம் தேதி, எப்போதோ பதிந்து வைத்த காப்பீட்டு பிரீமியம் 4,200 ரூபாய் தானாகப் பிடிக்கப்படுகிறது. மொத்தம் 51,200. தாண்டியது 1,200 ரூபாய், கட்டணம் 649 ரூபாய். தாண்டிய தொகையில் பாதிக்கும் மேல்.

இங்கே ஒரு தவறான செலவும் இல்லை. பள்ளிக் கட்டணமும் பிரீமியமும் கட்டியே ஆக வேண்டியவை. 12ஆம் தேதிக்கு முன்பே அந்த 31,000-ல் ஒரு ஐயாயிரத்தைக் கட்டியிருந்தால் போதும். முழுவதையும் 11ஆம் தேதியே கட்டியிருந்தாலும் பெரிய இழப்பில்லை. 31,000 ரூபாயை 14 நாள் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால், 2.5 சதவீத வட்டிக்குச் சுமார் 30 ரூபாய் கிடைத்திருக்கும். அந்த முப்பது ரூபாயைப் பார்த்து 649 ரூபாயை விடுவது கட்டுபடியாகாது.

இரண்டாவது பெரிய காரணம் இ.எம்.ஐ. கார்டில் 36,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜை 12 மாதத் தவணையில் வாங்கினால், மாதம் மூவாயிரத்துச் சொச்சம்தான் லிமிட்டில் கழியும் என்று பலர் எண்ணுகிறார்கள். வாங்கிய அன்றே 36,000 ரூபாயும் லிமிட்டில் முடக்கப்படும். பிறகு ஒவ்வொரு தவணையைக் கட்டும்போதும், அதிலுள்ள அசல் அளவுக்கு மட்டுமே விடுவிக்கப்படும். ஆண்டு வட்டி 16 சதவீதம் என்றால் தவணை சுமார் 3,266 ரூபாய். முதல் தவணையில் 480 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது சுமார் 2,786. நான்கு தவணை கட்டிய பிறகும் கிட்டத்தட்ட 24,600 ரூபாய் லிமிட்டில் உட்கார்ந்திருக்கும். 60,000 ரூபாய் லிமிட் உள்ளவருக்கு அந்த நேரத்தில் உண்மையான லிமிட் சுமார் 35,400 ரூபாய்தான். 'நோ காஸ்ட்' தவணையிலும் முழுத் தொகை முடங்குவது இப்படியே. வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகத் தந்துவிட்டாலும், அந்த வட்டியின் மீதான ஜி.எஸ்.டி. மாதாமாதம் பில்லில் ஏறும்.

கார்டின் மேல் வாங்கும் கடனிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று லிமிட்டுக்குள்ளிருந்து தருவது, மற்றொன்று லிமிட்டைத் தொடாமல் தனியாகத் தருவது. தொலைபேசியில் கடன் தருவதாக அழைப்பவரிடம் இது எந்த வகை என்று கேட்டுவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். லிமிட்டுக்குள் தரும் கடனை வாங்கிவிட்டு, கார்டைப் பழையபடி தேய்த்தால் தாண்டத்தான் செய்யும்.

ஆட்-ஆன் கார்டுக்குத் தனி லிமிட் கிடையாது. மனைவியிடமோ கல்லூரிக்குப் போகும் மகனிடமோ இருக்கும் கார்டு உங்கள் லிமிட்டையே பகிர்ந்துகொள்கிறது. ஒரே வங்கியில் இரண்டு கார்டு வைத்திருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்: ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் என்று காட்டும், ஆனால் இரண்டுக்கும் சேர்த்தே ஒரு லட்சம். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டீக்கடை, காய்கறிக் கடை, பால் பாக்கெட் என்று சில்லறையாகப் போவது மாதக் கடைசியில் எட்டாயிரம் பத்தாயிரமாகச் சேர்ந்திருக்கும்.

இனி வருவது, செலவு செய்யாமலே லிமிட்டைத் தின்பவை. ஹோட்டலில் அறை எடுக்கும்போது முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிளாக் செய்வார்கள். அறையைக் காலி செய்து வேறு வழியில் பணம் கட்டினாலும், அந்த பிளாக் விடுபடச் சில நாட்கள் ஆகலாம். வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்தாலும் இப்படித்தான். வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்தால், தேய்த்த அன்று காட்டும் தொகை ஒன்று, இரண்டு மூன்று நாள் கழித்துக் கணக்கில் ஏறும் தொகை வேறு. அதன் மேல் அந்நியச் செலாவணிக் கட்டணம், பல கார்டுகளில் 3.5 சதவீதம். 40,000 ரூபாய் மதிப்புள்ள செலவுக்கு 1,400 ரூபாய், ஜி.எஸ்.டி. 252, மொத்தம் 1,652 ரூபாய் கூடுதலாக ஏறும். விளிம்பில் நிற்பவரைத் தள்ளிவிட இது போதும். ஆண்டுக் கட்டணம் ஏறும் மாதமும் அப்படியே.

எல்லாவற்றையும்விட எதிர்பாராத ஒன்று உண்டு: வங்கியே லிமிட்டைக் குறைப்பது. ஒப்புதல் இல்லாமல் லிமிட்டைக் கூட்டக் கூடாது என்பது விதி. குறைப்பதற்கு அந்தத் தடை இல்லை, உங்களுக்குத் தெரிவித்தால் போதும். இரண்டு லட்சமாக இருந்ததை எண்பதாயிரமாகக் குறைக்கும்போது உங்கள் நிலுவை தொண்ணூறாயிரமாக இருந்தால், நீங்கள் எதுவும் செய்யாமலே தாண்டியவராகிவிடுகிறீர்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளை விளம்பரம் என்று அழித்துவிடுபவர்களுக்கு இது பில் வரும்போதுதான் தெரியும்.

ஒப்புதல் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது

விண்ணப்பம் போடும்போது சின்ன எழுத்தில் இருந்த ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள். அல்லது "உங்கள் அவசரத் தேவைக்குக் கூடுதல் வசதி" என்று வந்த குறுஞ்செய்தி இணைப்பைத் தொட்டிருப்பீர்கள். ஒப்புதல் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும்.

வங்கியின் செயலியில் கார்டைத் திறந்து, கார்டு அமைப்புகள் அல்லது கார்டு கட்டுப்பாடு என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே 'ஓவர்லிமிட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிட்டு, அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். செயலியில் இல்லையென்றால் நெட் பேங்கிங்கில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் கஸ்டமர் கேரை அழைத்து மூன்று விஷயம் கேளுங்கள்: என் கார்டில் ஓவர்லிமிட் வசதி இயக்கத்தில் இருக்கிறதா, எந்தத் தேதியில் எப்படி ஒப்புதல் பெற்றீர்கள், இப்போது அதை ரத்து செய்து கோரிக்கை எண் தருகிறீர்களா. எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். பேச்சில் சொன்னது பின்னால் நிற்காது.

அணைத்தால் என்ன ஆகும்? லிமிட்டுக்கு மேல் போகும் பரிவர்த்தனை மறுக்கப்படும், அவ்வளவுதான். கடையில் கார்டு ஏற்கப்படாதபோது கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஆனால் மறுக்கப்பட்ட பரிவர்த்தனைக்கு ஓவர்லிமிட் கட்டணம் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு அணைத்து வைப்பதே நல்லது. வீட்டில் முதியவர்களோ தீவிர நோயாளியோ இருந்து, மருத்துவமனை அவசரத்துக்கென்றே கார்டு வைத்திருப்பவர்கள் இயக்கத்தில் விட நினைக்கலாம். அவர்களுக்கும்கூட, செலவே செய்யாமல் லிமிட்டைக் காலியாக வைத்திருக்கும் இரண்டாவது வங்கியின் கார்டு ஒன்று இதைவிட நம்பகமானது. ஓவர்லிமிட் வசதி இயக்கத்தில் இருந்தாலும் எவ்வளவு தாண்ட அனுமதிப்பது என்பது வங்கியின் முடிவு. அவசர நேரத்தில் அது கைவிடாது என்று உறுதியில்லை.

வராமல் பார்த்துக்கொள்ள

அதிகம் பலன் தருவது பில்லுக்குக் காத்திராமல் இடையிலேயே பணம் கட்டுவது. எப்போது கட்டுவது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். லிமிட்டில் எண்பது சதவீதம் நல்ல கோடு. 50,000 லிமிட் என்றால் நிலுவை 40,000-ஐத் தொட்டதும் பத்தாயிரமாவது கட்டிவிட வேண்டும். கார்டு கொடுத்த வங்கியின் சொந்தச் செயலியில், அதே வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் பெரும்பாலும் உடனே வரவாகும். வேறு செயலிகள் வழியாகக் கட்டினால் ஓரிரு வேலை நாட்கள் ஆகலாம். பெரிய செலவு சனிக்கிழமை என்றால் வியாழனன்றே கட்டிவிடுங்கள். கட்டிய பிறகு, கிடைக்கும் லிமிட் உண்மையில் கூடியிருக்கிறதா என்று செயலியில் பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்ப வேண்டும்.

பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கெடுவுக்குச் சில நாள் முன்பே வங்கி உத்தரவை அனுப்பிவிடுவதுண்டு. கெடுவுக்கு முந்தைய நாள் நீங்களாகக் கட்டினால், பணம் இரண்டு முறை போக வாய்ப்புண்டு. இடையில் கட்டும் பணத்தைக் கெடுவுக்கு ஐந்தாறு நாளாவது முன்னதாகக் கட்டி முடித்துக்கொள்ளுங்கள்.

தானாகப் பிடிக்கப்படும் செலவுகளை ஒரு தாளில் எழுதுங்கள்: காப்பீடு, மொபைல், ஓ.டி.டி., செயலிச் சந்தாக்கள், எந்தத் தேதி, எவ்வளவு. ஆண்டுக்கொரு முறை வருபவைதான் மறந்துபோகும். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த ஒரு நாள்தான் உங்கள் வாய்ப்பு. அறிவிப்பு வந்ததும் கிடைக்கும் லிமிட்டைப் பாருங்கள். போதாதென்றால் பணம் கட்டுங்கள், அல்லது அந்த முறை பிடிக்காதபடி நிறுத்துங்கள். பிரீமியத்தை நிறுத்தினால் வேறு வழியில் கட்டிவிட மறக்காதீர்கள். 649 ரூபாயை மிச்சப்படுத்தப் போய் பாலிசி காலாவதியாகிவிடக் கூடாது.

செயலியிலுள்ள கார்டு கட்டுப்பாடுகளைப் பலர் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைக்க மட்டுமே தொடுகிறார்கள். இணைய வழிக்கு, கடையில் தேய்ப்பதற்கு, தொட்டுச் செலுத்துவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு வைக்கும் வசதி அங்கே உண்டு. ஆட்-ஆன் கார்டுக்கு அங்கேயே ஒரு வரம்பு போட்டுவிடலாம். மகனிடம் உள்ள கார்டுக்கு 8,000 என்று வைத்தால் அவனும் கணக்காக இருப்பான், உங்களுக்கும் கவலை இல்லை.

சம்பளம் 1ஆம் தேதி வருகிறது, கெடு 25 என்று இருந்தால், மாதக் கடைசியில் பணம் இல்லாமல் நிலுவையைச் சுமந்துகொண்டிருப்பீர்கள். பில் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் வசதியை வங்கிகள் தர வேண்டும். கெடு 5ஆம் தேதி வாக்கில் விழும்படி மாற்றிக்கொண்டால், சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம்.

லிமிட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்பதும் ஒரு வழிதான். ஒழுங்காகக் கட்டுபவருக்கு, வருமானச் சான்றோடு கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். செலவு அதே அளவில் நிற்கும் என்றால் மட்டுமே இதைச் செய்யுங்கள். லிமிட்டைத் தொடுவது மாதாமாதம் நடக்கிறது, பில்லை முழுதாகக் கட்ட முடிவதில்லை என்றால், கூட்டிய லிமிட்டும் நாலு மாதத்தில் நிரம்பிவிடும். மாதம் 3.5 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கும் கடன் அது, ஆண்டுக்கு நாற்பதைத் தாண்டும்.

இன்றைக்குத் தாண்டிவிட்டது, என்ன செய்வது

பில் போடும் நாள் வரை காத்திராமல் இன்றே கட்டுங்கள். தாண்டிய தொகையோடு இரண்டாயிரம் மூவாயிரம் சேர்த்துக் கட்டுங்கள், ஏனென்றால் கணக்கில் ஏறாத செலவுகள் இன்னும் வரிசையில் இருக்கலாம். சுழற்சியில் ஒரு முறை தாண்டினாலே கட்டணம் போடும் வங்கிகளும் உண்டு. அப்படியென்றால் இந்தக் கட்டணம் போனதுதான், ஆனால் அடுத்த சுழற்சிக்கும் தாண்டிய நிலையிலேயே போனால் இன்னொரு முறை விழும். அதை நிறுத்தலாம். ஹோட்டல் பிளாக் ஏதேனும் நிற்கிறதென்றால், ஹோட்டலை அழைத்து அதை விடுவிக்கச் சொல்லுங்கள், வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. கடையில் திருப்பிக் கொடுத்த பொருளுக்கான பணம் வரும் என்று காத்திருக்க வேண்டாம், அது வரும்போது வரட்டும்.

கட்டணத்தைத் தவிர இன்னொரு பாதிப்பும் இருக்கிறது. நிலுவை லிமிட்டைவிட அதிகமாக இருப்பது, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அப்படியே தெரியும். 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் மாதம் இரண்டு முறையாவது இந்தத் தகவலை சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நேரம் என்றால் ஒரு வாரம்கூடத் தாண்டிய நிலையில் விடாதீர்கள்.

கட்டணம் போட்டுவிட்டார்கள் என்றால்

முதலில் கட்டணம் நியாயமானதா என்று நீங்களே பாருங்கள். பில்லில் உள்ள பரிவர்த்தனைகளைத் தேதி வாரியாகக் கூட்டி, எந்த வரியில் லிமிட்டைத் தாண்டியது என்று பென்சிலால் குறியுங்கள். அந்த வரி என்ன என்பதில்தான் உங்கள் வாதம் இருக்கிறது. நீங்கள் வாங்கிய பொருளாக இருந்து, ஒப்புதலும் கொடுத்திருந்தால் வாதம் பலவீனம். அப்போது தள்ளுபடி செய்யக் கேட்கலாம்: பல ஆண்டு வாடிக்கையாளர், முதல் முறை, உடனே கட்டிவிட்டேன் என்று கேட்டால் முதல் தடவை பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள். அந்த வரி வங்கி போட்ட வட்டியாகவோ, ஆண்டுக் கட்டணமாகவோ, வங்கியே லிமிட்டைக் குறைத்ததன் விளைவாகவோ இருந்தால், நீங்கள் செலவு செய்து தாண்டவில்லை என்பதை எழுதிக் காட்டுங்கள். ஒப்புதலே கொடுக்கவில்லை என்றால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது.

கூடவே இன்னொன்றையும் சரிபாருங்கள். செலுத்தாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது என்ற விதியும் 2022 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. ஓவர்லிமிட் கட்டணத்தின் மேல் அடுத்த மாதம் வட்டி ஏறியிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

மின்னஞ்சலை இப்படி எழுதலாம்:

"வணக்கம். கடைசி நான்கு எண்கள் ____ உள்ள என் கிரெடிட் கார்டின் ____ தேதியிட்ட பில்லில் ஓவர்லிமிட் கட்டணமாக ____ ரூபாயும் அதன் மீது ஜி.எஸ்.டி. ____ ரூபாயும் போடப்பட்டுள்ளன. வரம்பை மீற நான் வெளிப்படையான ஒப்புதல் தரவில்லை. தந்ததாக உங்கள் பதிவில் இருந்தால், அது பெறப்பட்ட தேதி, வழி, அதன் நகல் ஆகியவற்றை அனுப்பவும். இல்லையெனில் கட்டணத்தையும் வரியையும் திருப்பி வரவு வைத்து, ஓவர்லிமிட் வசதியை ரத்து செய்து, புகார் எண்ணைத் தெரிவிக்கவும்."

கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். ஒப்புதலின் நகலைக் கேட்கும் அந்த ஒரு வரிதான் வேலை செய்யும். தொலைபேசியில் பேசுபவரிடம் அந்த நகல் இருக்காது, அவர் மேலே அனுப்பியாக வேண்டும்.

பதில் வரும்வரை பில்லைக் கட்டாமல் இருக்காதீர்கள். இது பலர் செய்யும் தவறு. 649 ரூபாயைப் பிடித்தம் செய்துவிட்டு மீதியைக் கட்டினால், முழுத் தொகை கட்டவில்லை என்று கணக்காகி, எல்லாச் செலவுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடலாம். முழுவதையும் கட்டிவிட்டுப் புகாரைத் தொடருங்கள். வென்றால் அந்தத் தொகை கார்டில் வரவாக வந்து சேரும், ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டணத்தை மட்டும் திருப்பி, வரியை விட்டுவிடுவது நடக்கிறது.

முதல் பதில் திருப்தியில்லை என்றால் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு வங்கியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் பெயரும் முகவரியும் பில்லிலோ இணையதளத்திலோ இருக்கும். புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளமான சி.எம்.எஸ். வழியாகப் பதியலாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். முதலில் வங்கியிடம் புகார் செய்யாமல் நேரே அங்கே போனால் ஏற்க மாட்டார்கள். வங்கிக்கு அனுப்பிய மின்னஞ்சல், புகார் எண், வந்த பதில், பென்சில் குறி போட்ட அந்த பில், ஓவர்லிமிட் அணைந்திருப்பதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை ஒரே கோப்பாக்கிப் புகாரோடு இணையுங்கள்.